பாலத்தடியில் மாரியம்மன்

தோட்டத்து லோரி ஓட்டும் கந்தசாமிக்கு அம்மன்மேல் இருந்த பயத்தைவிட ஆறு மணிமேல் இருந்த பயம் அதிகம். மலாய் நாட்டில் அவசரகாலம். காட்டில் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் போலீஸ், சாமி ஊர்வலத்துக்கும் பெர்மிட். ஊரடங்குச் சங்கு ஊதும்போது லோரி கோயில் சேராவிட்டால் இனித் திருவிழாவே கிடையாது என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சொல்லிவிட்டார்.

கீழ் டிவிஷனில் பூசை முடிந்து, தேராகச் சோடித்த தோட்டத்து லோரி ஐம்பது பேரைச் சுமந்துகொண்டு மேடேறியது. தொழிற்சாலைக்குத் தண்ணீர்க் குழாய் போகும் இரும்புப் பாலத்தடியில் மூங்கில் கோபுரம் ஒரு விரல்கடை இடைவெளியில் நுழைந்தது. லோரியும் சற்றுக் குள்ளமாகும் என்பதுபோல் கந்தசாமி மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"நிப்பாட்டுடா!" என்று கத்தினார் கங்காணி கருப்பையா. காலையில் இதே வழியாகத் தூங்கிக்கொண்டே போனவர். "மேல ஆளுங்க செருப்புக்காலோட நடக்கிற பாலம். அடியில அம்மன் போறா. தேங்கா ஒடைக்காம போவியா?"

ஐம்பது பேரும் பக்தியோடு கீழே குதித்தார்கள். பாரம் குறைந்ததும் ஸ்பிரிங் நிமிர்ந்தது. கோபுரம் படாரென்று பாலத்தில் முட்ட, கலசம் வளைந்து இரும்புச் சட்டத்தில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டது.

"அம்மனுக்குக் கோவம்."

"அம்மனுக்கு இல்ல கங்காணி, லோரிக்கு!" என்றான் கந்தசாமி.

"டயர்ல காத்த எறக்கு."

"அப்புறம் மேட்ட யாரு ஏத்துறது? எல்லாரும் மறுபடி ஏறுங்க!"

ஏறினார்கள். கலசம் அசையவில்லை. லோரிமேல் நின்ற கந்தசாமியின் மனைவி இராசம்மா சுற்றிலும் பார்த்தாள்.

"இன்னும் வெயிட்டு வேணும். சார்ஜன் நல்ல தாட்டியான ஆளு."

காவலுக்கு வந்த மலாய் சார்ஜன் ஸுல்கிஃப்லிக்குத் தோட்டத்துத் தமிழ் தெரியும்; வாக்கியத்துக்கு ஒரு மலாய் 'லா'வும் சேர்ந்துகொள்ளும். "கேட்டுச்சு லா, அக்கா," என்றார். தன்னோடு காவலுக்கு வந்த நான்கு போலீஸ்காரர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சப்பாத்தக் கழட்டுங்க, சாமி தேரு!" என்றாள் இராசம்மா. பூட்ஸைக் கழற்றினார்கள். "கையில எடுத்துக்குங்க. அதுவும் வெயிட்டுதானே?"

லோரி முனகிக்கொண்டே தாழ்ந்தது. கலசம் கழன்றது. கந்தசாமி எண்ணெயை மிதித்து லோரியை விரட்டினான்.

கடைசி வளைவில் சங்கு ஊதிவிட்டது. கோயிலுக்கு முன்னால் சோதனைச் சாவடி. பக்கத்தில் கடிகாரத்தோடு துரை. காவலாளி துப்பாக்கியைத் தூக்கி, ஊரடங்கு நேரத்தில் ரோட்டில் யார் என்று அதட்டினான்.

தேரின் பின்னாலிருந்து, ஒரு கையில் வாழைமரமும் மறு கையில் சப்பாத்துமாகச் சார்ஜன் எட்டிப் பார்த்தார்.

"ரோட்டுல ஒருத்தரும் இல்ல லா. எல்லாரும் லோரியில இருக்கோம். கேட்டத் தொற!"

துரை சார்ஜனின் வெறுங்கால்களையும் வளைந்த கலசத்தையும் பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, அடுத்த வருஷம் கோபுரத்தில் ஒரு முழம் குறைக்கச் சொன்னார்.