மூன்று மாடி, ஒரே தூக்கம்

என் மகளின் காது, பல், கண் மூன்றும் ஒரே முகத்தில்தான் இருக்கின்றன. மொத்தம் ஒரு சாண் இடம். ஆனால் ஆஸ்பத்திரியில் காதுக்கு முதல் மாடி, பல்லுக்கு இரண்டாவது மாடி, கண்ணுக்கு மூன்றாவது மாடி. அந்த மூன்று டாக்டர்களும் ஒருவரோடு ஒருவர் பேசியதே இல்லை.

காதில் சேர்ந்த நீரை எடுக்க வேண்டும், சொத்தைப் பற்களைப் பிடுங்க வேண்டும், கண்ணை உள்ளே வரை சோதிக்க வேண்டும். எல்லாம் சின்ன வேலைகள்தான். மயக்க மருந்துதான் பெரிய விஷயம். பிறக்கும்போதே பழுதோடு வந்த இதயம் அவளுக்கு. "ஒவ்வொரு மயக்கமும் ரிஸ்க்தாம்மா. மூணையும் ஒரே தடவைல முடிக்கப் பாருங்க" என்று இதய டாக்டர் சொல்லிவிட்டார்.

போன தடவை மயக்கம் தெளிந்ததும் அவள் அழுத அழுகையை என்னால் மறக்க முடியவில்லை. "இன்னும் எத்தனை தூக்கம்மா?" என்று கேட்டாள். "ஒண்ணே ஒண்ணுதான்டி சிட்டு" என்று வாயை விட்டுவிட்டேன்.

காது டாக்டரிடம் போனேன். "அவங்க ரெண்டு பேரும் தேதி சொல்லட்டும், நான் வந்துடறேன்" என்றார். பல் டாக்டரம்மாவும் அதையேதான் சொன்னார். கண் டாக்டரும் அதே பாட்டு. மயக்க டாக்டரோ, "நான் எப்பவும் ரெடி. அவங்களை ஒண்ணு சேர்க்கறது என் வேலை இல்லம்மா" என்று கையை விரித்துவிட்டார். ஏறி இறங்கி என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். எனக்கோ பொறுமை கொஞ்சம் கம்மி.

"நாளைக்குப் பொய் சொல்லப் போறேன்" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"மாட்டிக்கிட்டா?" என்று பதறினார். பஸ்ஸில் பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லக்கூட வராத மனிதர்.

"மாட்டிக்கறப்ப பாத்துக்கலாம், விடுங்க."

முதல் மாடியில் கூசாமல் சொன்னேன்: "பல்லும் கண்ணும் வியாழக்கிழமைக்கு ஒத்துக்கிட்டாங்க சார்." காது டாக்டர் சரி என்றார். இரண்டாவது மாடியில் பாதிப் பொய்தான். காது உண்மையிலேயே ஒத்துக்கொண்டிருந்தாரே! மூன்றாவது மாடியில் நான் சொன்னது சுத்தமான உண்மை. படியேறப் படியேற நான் யோக்கியமாகிக்கொண்டே போனேன்.

வியாழக்கிழமை காலை, ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஸ்ட்ரெச்சரில் சிட்டு. மூன்று டாக்டர்களும் முதல் தடவையாக ஒரே இடத்தில் நின்றார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் முதல்லயே சரின்னதாலதான் நான் வேற கேஸைத் தள்ளி வச்சேன்" என்றார் காது டாக்டர்.

"நாங்களா? நீங்கதான முதல்ல?" என்றார் பல் டாக்டரம்மா.

மூன்று முகங்களும் என் பக்கம் திரும்பின. நான் திருதிருவென்று விழித்தேன். வீட்டுக்காரர் சுவரில் ஏதோ அதிசயம் இருப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டாக்டருங்களை இப்படியெல்லாம் ஏமாத்தலாமாம்மா? நான் இந்த கேஸை எடுக்கணுமான்னே யோசிக்கணும்." காது டாக்டரின் குரல் ஏறியது.

இவர் இப்போது போய்விட்டால் இன்னொரு மயக்கம். "தப்புதான் சார். என்னை எவ்வளவு வேணாலும் திட்டுங்க. ஆனா இன்னிக்கே முடிச்சுக் குடுத்துடுங்க. ஒரே தூக்கம்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

ஸ்ட்ரெச்சரிலிருந்து ஒரு சின்ன விரல் எழுந்தது. "ஒண்ணுதான்" என்று டாக்டரை எச்சரித்தாள் சிட்டு.

அவர் அந்த விரலையே பார்த்தார். பிறகு ஆபரேஷனுக்குக் கை கழுவ உள்ளே போனார்.

கதவு மூடியது. அதுவரை அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்து, வீட்டுக்காரரின் சட்டையை நனைத்துவிட்டேன். அவள் இதயம் தாங்க வேண்டுமே என்ற பயம் ஒன்றுதான் எனக்குள் இருந்தது.

தாங்கியது. மூன்று வேலையும் முடிந்தன. அவள் கண் திறந்தபோது மூன்று டாக்டர்களும் கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"முடிஞ்சுதா?" பல் போன வாயால் கேட்டாள்.

"முடிஞ்சுதுடி தங்கம். இனிமே இல்ல."

சந்தேகமாகப் பார்த்தாள். "பொய் சொல்லலதான?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

காது டாக்டர்தான் குனிந்து அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். "உங்கம்மாவா? பொய்யா? அவங்களுக்கு அதெல்லாம் வரவே வராதும்மா."