டெஸ்ஸாவின் பின்னால் வந்த எல்லை

கான்ஸஸ் மாநிலத்தின் மேற்கு எல்லை, மார்ச் மாதப் பனிப்புயலின் மூன்றாம் நாளிலிருந்து, டெஸ்ஸா ஹேவர்காம்ப் என்ற ஒன்பது வயதுப் பெண்ணின் பின்னால் நடக்க ஆரம்பித்தது. மாவட்ட நில அளவையர் வெர்லின் ஓபெர்க், முப்பத்தோரு வருட சர்வீஸில் கருவி காட்டியதைத் தவிர வேறொன்றும் எழுதியவர் இல்லை. இதையும் அப்படியே எழுதினார்: பெண்ணைச் சுற்றி எல்லாப் பக்கமும் பதினோரு அடிக்குப் பக்கத்து மாநிலமான கொலராடோ, அங்கிருந்து பழைய எல்லைவரை ஒரு டிராக்டர் அகலத்துக்கு வால்.

டெஸ்ஸாவுக்கு வலிப்பு. ஒரு நாளைக்கு நாற்பது தடவைகூட வரும். ஆறு மருந்துக்கும் மசியாத வலிப்பு, கஞ்சாவிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு மசிந்தது. வேளைக்கு இரண்டு சொட்டு, நாக்குக்கு அடியில். கொலராடோவில் அது டாக்டர் எழுதிக் கொடுக்கிற மருந்து, கான்ஸஸில் குற்றம். நடுவில் இருப்பதோ ஒரே கோதுமை வயல். அவள் அம்மா லொரீன் தினமும் இரண்டு வேளை பிக்கப் வண்டியில் நான்கு மைல் போய், எல்லைப் பலகையைத் தாண்டி நிறுத்தி, சொட்டைக் கொடுத்துவிட்டு, புட்டியை அங்கேயே வேலிக்கம்பத்தில் கட்டிய காபி டப்பாவில் போட்டுவிட்டுத் திரும்புவாள். ஒன்றரை வருடம் இப்படி ஓடியது. புயலில் சாலை மூடிக்கிடந்த மூன்றாம் நாள், சமையலறைத் தரையில் மகளை மடியில் பிடித்துக்கொண்டு லொரீன் அழுதாள். போக வழியில்லை. அப்போது அவள் போனில் நேரம் ஒரு மணி பின்னுக்குப் போனது, கான்ஸஸுக்கு ஒரு மணி நேரம் பிந்தி ஓடும் கொலராடோ நேரம். கதவைத் திறந்தால் வாசற்படி ஓரத்தில் வேலிக்கம்பம் நின்றது, காபி டப்பாவோடு.

ஊர் இரண்டு வாரத்தில் பழகிக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை அன்று டெஸ்ஸாவின் பக்கத்து நாற்காலிக்கு அடிதடி, ஏனென்றால் அங்கே ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது. சர்ச் விருந்தில் உருளைக்கிழங்குப் பாத்திரம் பாதி கான்ஸஸிலும் பாதி கொலராடோவிலும் இருந்தது, ருசியில் வித்தியாசம் இல்லை.

ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் புகார் எழுதிப் போட்டார். மாவட்டப் போலீஸ் தலைவர், ஷெரிஃப் டுவெய்ன் ஸ்டக்கி புட்டியைக் கைப்பற்றி, லொரீன் மேல் வழக்குப் போட்டார். தோற்றால் அவளுக்குச் சிறை, குழந்தை வேறு வீட்டுக்கு. விசாரணைக்கு முந்தின நாள் அவர் வெர்லினைத் தேடி வந்தார்.

"டேய் வெர்லின், கோடு பழைய இடத்துலயே இருக்குன்னு ஒரே ஒரு வரி எழுதிக் குடுடா. கேஸ் முடிஞ்சிரும்."

"கருவி அப்படிச் சொல்லலையேடா."

"கருவிக்கு வயசாயிடுச்சுன்னு எழுது. புள்ளயத் தாய்கிட்டேர்ந்து பிரிக்க எனக்கென்ன ஆசையா? எங்க வீட்லயும் சீக்காளி இருக்கா. சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"இருக்கு. எந்த ஊர்ச் சட்டம்னுதான் அளந்து பாக்கணும்."

வாய் வீரம்தான். வெர்லினுக்கு உள்ளுக்குள் பயம். நீதிமன்றம் முப்பது மைல் கிழக்கே இருந்தது; அவ்வளவு தூரம் ஒரு மாநிலம் இழுபடுமா என்று அவர் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

மறுநாள் பத்து மணிக்கு அவர் நீதிமன்ற அறைக்குள்ளேயே கருவியின் முக்காலியை நிறுத்தி அளந்தார். எல்லை வந்திருந்தது. தாயும் மகளும் மேசைமேல் இருந்த புட்டியும் கொலராடோ, நீதிபதி ஐலீன் மார்ச்பேங்ஸ் கான்ஸஸ். அரசு வக்கீல் லேசுப்பட்ட ஆள் இல்லை. "அப்போ பொண்ண மட்டும் வெளியில கூட்டிட்டுப் போங்க. கோடு அவகூடப் போயிடும், அம்மா இங்க நிப்பாங்க" என்றார். லொரீன் மகளின் கையை விடவில்லை. காவலர் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. "அம்மா, நீயும் வா" என்று கேட்டுக்கொண்டே டெஸ்ஸா வாசல்வரை போனாள், தாழ்வாரம் தாண்டினாள், படியிறங்கினாள்.

வெர்லின் மறுபடி அளந்தார். நம்ப முடியாமல் இன்னொரு தடவையும் அளந்தார். பதினோரு அடி, தொண்ணூற்று நான்கு அடி ஆகியிருந்தது. பெண்ணோடு போன கொலராடோ அம்மாவையும் விட்டுவிட்டுப் போகவில்லை. நீதிபதியின் மேடை, கொடிக்கம்பம், கழிவறைகள் எல்லாம் அதற்குள் அடக்கம். அறையிலிருந்த போன்கள் எல்லாம் ஒரு மணி நேரம் பின்னுக்குப் போயின.

நீதிபதி தன் போனைப் பார்த்தார். "பத்து மணி கேஸுக்கு இப்போ ஒம்பதே காலுதான் ஆகுது. அது போகட்டும், நான் கான்ஸஸ் நீதிபதி. இங்க நான் வெறும் ஐலீன். ஐலீனுக்கு யாரையும் உள்ள தள்ற அதிகாரம் கிடையாது. லொரீன், போம்மா, புள்ள வெயில்ல நிக்குது" என்று மேலங்கியைக் கழற்றினார். லொரீன் ஓடினாள். ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டு நின்ற வெர்லின் அழுதார், அதைக் குறிப்பேட்டில் எழுதவில்லை.

கோடையில் விஷயம் பரவியது. சனிக்கிழமைகளில் டெஸ்ஸா பந்து விளையாடும் மைதானத்துக்கு, கொலராடோ டாக்டரிடம் அந்த எண்ணெய்க்குச் சீட்டு வாங்கியிருந்தவர்கள் மடக்கு நாற்காலிகளோடு வந்தார்கள். முதுகுவலிக்காரர்கள், போரிலிருந்து திரும்பித் தூக்கம் தொலைத்தவர்கள், புற்றுநோய்க்காரர்கள். ஆட்கள் சேரச் சேர எல்லை அகலமானது. வெர்லின் வாராவாரம் சுண்ணாம்புக் கோட்டைத் தள்ளிப் போட்டார். ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை டுவெய்ன் ஸ்டக்கி சீருடை இல்லாமல் வந்தார், ஒரு கையில் நாற்காலி, மறு கையில் கீமோ எடுத்து மெலிந்துபோன மனைவி.

"எவ்வளவு கிட்ட போடணும்டா?" என்றார்.

"எங்க வேணா போடு. அது வந்து சேந்துக்கும்."

டுவெய்ன் மனைவியை உட்காரவைத்து, போர்வையைச் சரிசெய்து, பக்கத்திலேயே புல்லில் உட்கார்ந்தார். அன்றோடு டெஸ்ஸாவுக்குக் கடைசியாக வலிப்பு வந்து தொண்ணூறு நாள் ஆகியிருந்தது. அவள் அடித்த பந்து வேலியைத் தாண்டி வயலுக்குள் போனது. அதைத் துரத்திக்கொண்டு, யாரும் கூட வராமல், கண்ணுக்கெட்டாத தூரம்வரை ஓடினாள். முன்பெல்லாம் மகள் பத்தடி தள்ளிப் போனாலே பின்னால் ஓடுகிற லொரீன், நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.