ஓர் உயிர் ஒருசந்தி இருக்கும்

கிரிகரி காலை ஏழரைக்குத் தின்ற ரொட்டி சானாயைப் பட்டன் என்ற நாய் பத்தேகாலுக்கு வாந்தி எடுத்தபோது, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் மூன்று பேர் இருந்தார்கள். கிரிகரி ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில். அவர் மனைவி சாந்தமேரி தரையில், பழைய நாளிதழை விரித்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டு. மகள் ஷார்மைன், கிள்ளானிலிருந்து விடுப்பில் வந்தவள், சாப்பாட்டு மேசையில். நாய் மின்விசிறிக்கு நேர் கீழே. ரொட்டி மடிப்புக் கலையாமல் வந்தது. பருப்புக்கறி பின்னால் தனியாக வந்தது. நாய் அன்று எதையும் தின்றிருக்கவில்லை, அதற்கு முந்தைய இருபது நாளும் தின்றிருக்கவில்லை.

பட்டனுக்கு ஏழு வயது, ஒரு கையில் அடங்கும் ரகம். மூன்று கிலோ இருநூறாக இருந்தது இரண்டு கிலோ முந்நூறாகிவிட்டது. ஷார்மைன் அதைக் கிள்ளானில் டாக்டர் உஷாராணியிடம் நான்கு முறை கொண்டுபோனாள். இரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் சுத்தமாக இருந்தன. வாந்தியை நிறுத்தக் கொடுத்த மாத்திரை வயிற்றில் நின்றது, வாந்தி மட்டும் நிற்கவில்லை. மூன்றாம் முறை கிரிகரி நாய் எடுத்ததை ஒரு டப்பாவில் போட்டு, தேதி எழுதிய காகிதத்தை ஒட்டி எடுத்துப்போனார். டாக்டர் மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

“அங்கிள், இதுக்கு வாழையிலைச் சாப்பாடா போடறீங்க?”

“தண்ணிதான் டாக்டர்.”

“தண்ணியில முருங்கைக்காய் வராதுலா.”

இரண்டு கிலோவுக்குக் கீழே போனால் இந்த உடம்பு தாங்காது என்றார் அவர். உள்ளே போவதையும் வெளியே வருவதையும் தினமும் எழுதி வைக்கச் சொன்னார். எழுதுவது கிரிகரிக்குக் கைவந்தது. முப்பத்தொரு வருடம் ரயில்வே அலுவலகத்தில் கடிதம் எழுதியவர்; சாமிக்கு எழுதும் மனுவுக்குக்கூட நகல் எடுத்துக் கோப்பில் வைப்பவர். நோட்டில் முதல் வாந்தியின் தேதியை மேலே குறித்து, இரண்டு பத்தி போட்டார். ‘உள்ளே’ என்ற பத்தி காலியாகவே கிடந்தது. ‘வெளியே’ என்ற பத்தி நிரம்பியது. மூன்றாம் நாளே அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது, ஆனால் நோட்டில் சந்தேகத்துக்குப் பத்தி இல்லை.

ரொட்டி சானாயைத் துடைத்துவிட்டு வந்த ஷார்மைன் அந்த நோட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தாள். “ஞாயிறு, செண்டோல். திங்கள், ஜிலேபி ரெண்டு. டேடி, நாய் எங்க போய் செண்டோல் குடிச்சிச்சு?”

சாந்தமேரி நெத்திலியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “நாய் குடிக்கல. சுகர் இருக்கிற உங்கப்பா குடிச்சிருக்காரு. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போறேன்னு போனாரே.”

“போனேன். வர்ற வழியிலதான்.”

“ஜிலேபி?”

“சின்னது.”

நாய் மறுபடி ஏப்பம் விட்டது. மூவரும் அதைப் பார்த்தார்கள். ஷார்மைன் ஒரு துண்டு பப்பாளியை அப்பாவுக்குக் கொடுத்து மணி பார்த்தாள். இரண்டே முக்கால் மணி நேரம் கழித்துப் பப்பாளி மின்விசிறிக்குக் கீழே வந்தது.

எப்படி என்று யாருக்கும் விளங்கவில்லை. என்றைக்கிலிருந்து என்று மட்டும் சாந்தமேரி கேட்டாள். கிரிகரி நோட்டைப் புரட்டினார். திருநீற்றுப் புதன், நாற்பது நாள் நோன்பான தபசு காலத்தின் முதல் நாள். அவர் எழுந்து அலமாரியிலிருந்து மனுக்களின் கோப்பை எடுத்துவந்தார்; உட்காராமல் நின்றே ஒரு நகலைச் சத்தமாகப் படித்தார். போன டிசம்பரில் ஷார்மைனின் மார்பில் ஒரு கட்டி கண்டபோது, கோயிலில் அந்தோணியார் சுரூபத்தின் காலடியிலுள்ள பெட்டிக்கு அவர் எழுதிப் போட்ட மனு அது. கட்டியில் கெடுதல் இல்லை என்று அறிக்கை வருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தது. அப்படி வந்தால் தபசு காலம் முழுதும் இந்த வீட்டில் ஓர் உயிர் ஒருசந்தி இருக்கும் என்று உறுதி கூறப்பட்டிருந்தது. ஜனவரியில் அறிக்கை நல்லபடியாக வந்தது. அவர் சர்க்கரைக்காரர் என்று சாந்தமேரி ஒருசந்திக்கு, அந்த ஒருவேளைச் சாப்பாட்டு விரதத்துக்கு, விடவில்லை, அவரும் அதிகமாக வற்புறுத்தவில்லை.

“ஓர் உயிர்னா? எந்த உயிர்?” என்றாள் ஷார்மைன்.

“என்னைத்தான் சொன்னேன்.”

“எங்க சொல்லியிருக்கீங்க?”

அவர் தேடினார். எங்கும் இல்லை. அவர் படித்த தஞ்சோங் மாலிம் பள்ளியில் விண்ணப்பத்தில் ‘நான்’ வந்தால் இரண்டு மதிப்பெண் குறைப்பார்கள். அது மரியாதைக் குறைவு. அன்றிலிருந்து அவர் எழுதிய எந்தக் கடிதத்திலும் அந்தச் சொல் வந்ததில்லை. மனு போன இடத்தில் வீட்டைப் பார்த்திருக்கிறார்கள், ஷார்மைனையும் நாயையும் சேர்த்து நான்கு உயிர் இருந்திருக்கிறது, ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் விரதத்தை முறிக்கும்போதெல்லாம் நாயின் வயிறு அவர் தின்றதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

“மாத்தி எழுதுங்க,” என்றாள் சாந்தமேரி. “ஆனா சோத்த விடறேன்னு எழுதாதீங்க. மயங்கி விழுந்தா யாரு தூக்குறது?”

கிரிகரி கோடு போட்ட தாளை எடுத்து, தேதியிட்டு, வெகுநேரம் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பிறகு எழுதினார்: நான், கிரிகரி, தகப்பனார் பெயர் சூசை, இந்த ஐசி அட்டை நம்பர் உள்ளவன், அந்த உயிர் நான். நாய் தெரியாமல் சேர்க்கப்பட்டுவிட்டது, தயவுசெய்து விடுவிக்கவும். ஒருசந்திக்குப் பதிலாக நான் சாகும்வரை இனிப்பு தொடமாட்டேன். ‘சாகும்வரை’ என்பதில் பேனா சற்று நின்றது. நகல் எடுத்தார். உறையில் போட்டார். வழக்கம்போல நாக்கை நீட்டி உறையின் ஓரத்துக்குக் கொண்டுபோனவர் நிறுத்தினார். அந்தப் பசையில் லேசான தித்திப்பு உண்டு. நாய் தலையைத் தூக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் விரலைத் தண்ணீரில் நனைத்து ஓரத்தைத் தடவி அழுத்தினார். உறை ஒட்டியதும் பட்டன் எழுந்து, கால் தடுமாற, சாந்தமேரியின் நாளிதழ் வரை நடந்துபோய் ஒரு நெத்திலித் தலையைத் தின்றது. இன்னொன்றும் தின்றது. கிரிகரி ‘உள்ளே’ என்ற பத்தியில் முதன்முறையாக எழுதினார்: நெத்திலித் தலை, இரண்டு. ஷார்மைன் கார் சாவியையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, பெட்டியில் போட்டுவிட்டு வருகிறேன் என்று கோயிலுக்குக் கிளம்பினாள்.