பூவம்மா எடுத்த டேப்

மூன்றாவது டேப்பை எடுத்து வைத்துவிட்டு நான்காவதைப் போட்டார் ரத்னவேல். கேம்கார்டர் கொஞ்சம் முனகி, வேண்டா வெறுப்பாக அதை உள்ளே இழுத்துக்கொண்டது. அதன் பேட்டரி செத்துப் பல வருடமாயிற்று. சுவர் பிளக்கில் அடாப்டரைச் செருகினால்தான் உயிர் வரும். ஒன்பது மாடிக்குக் கீழே, புளோக்கின் தரைத்தளத்துத் திறந்த கூடமான வாய்ட் டெக்கில், அவர் மனைவி பூவம்மா பெட்டிக்குள் கிடந்தாள். மண்டாய் மயானத்தில் தகனத்துக்கு நாலரை மணி கொடுத்திருந்தார்கள். வேட்டி மாற்றி வருகிறேன் என்று மேலே வந்த மனிதர், அந்த வேட்டியைத் தோளில் போட்டபடி சாப்பாட்டு மேசை முன்னால் உட்கார்ந்துவிட்டார்.

அழுகை வரவில்லை, அசதிதான் வந்தது. பூவம்மாவுக்கு ஸ்ட்ரோக் வந்து இரண்டு வருடம். மூக்குக் குழாயில் பால் விட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, மாற்றி, அவர் முதுகு வளைந்துபோனது. அவளுக்கு வலது பக்கம் போனதோடு பேச்சும் போயிற்று.

காலையில் யாரோ, “பூவம்மாக்கா வாய் ஓயாம பேசுவாங்களே” என்று கீழே அழுதார்கள். அப்போதுதான் அந்தக் குரலை நினைத்துப் பார்த்தார். வரவில்லை. அவள் சொன்னதெல்லாம் வரிவரியாக ஞாபகம் இருந்தது, சொன்ன குரலை மட்டும் காணோம். மகள் இனியாவின் போனிலும் பிறந்தநாள் பாட்டுகள்தான். பத்துப் பேர் கத்தும்போது அவளை எங்கே போய்த் தேடுவது? கட்டியவளின் குரலே ஞாபகம் இல்லாதவன் எந்த முகத்தோடு கொள்ளி வைப்பான்? பெட்டி கிளம்புவதற்குள் ஒரு தரம் கேட்டுவிட வேண்டும். ரத்னவேலுக்குப் பயமாக இருந்தது.

இந்தக் கேமராவை வாங்க அவர் பட்ட பாடு கொஞ்சமா! தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவருக்கு எதையும் தீர விசாரிக்காமல் தொடும் வழக்கம் இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைப் பக்கத்துக் கேமராக் கடைக்கு நடந்தார். எண்ணூறு மடங்கு என்று பெட்டியில் போட்டிருப்பது டிஜிட்டல் ஜூம், படம் உடையும். பத்து மடங்கு ஆப்டிகல் ஜூம்தான் அசல். கை நடுங்கினால் சமாளிக்குமா, விளக்கு மங்கினால் முகம் தெரியுமா என்று கேட்டுக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார். பூவம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

“பேசறது நல்லா கேக்குமா?”

“மைக் கேமராலயே இருக்குக்கா. யாரு கையில புடிச்சிருக்காங்களோ அவங்க சத்தம்தான் பெருசா கேக்கும்” என்றார் கடைக்காரர்.

அதைப் போய் வேதவாக்காக எடுத்துக்கொண்டார் ரத்னவேல். அன்றிலிருந்து கேமராவைத் தூக்கினால் வீட்டில் ஊரடங்குதான். இடது கையை உயர்த்துவார்; எல்லாரும் வாயை மூட வேண்டும்.

நான்காவது டேப்பிலும் அதே கதை. இனியாவின் ஐந்தாவது பிறந்தநாள். பூவம்மா கேக் வெட்டும் கத்தியைத் துடைத்துக்கொண்டே ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள். “உஷ், ரெக்கார்டிங் ஓடுது” என்று அவருடைய குரல் மட்டும் காதைப் பிளக்கிறது. ஜூம் அவள் முகத்துக்குப் பக்கத்தில் போகிறது. அசல் ஆப்டிகல் ஜூம். மூக்குத்திக் கல்கூட உடையாமல் தெரிகிறது. அவள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

“பாவி” என்று தன்னையே சொல்லிக்கொண்டார்.

கதவு திறந்தே இருந்தது. இனியா வந்து நின்றாள். “அப்பா, கீழ எல்லாரும் வெயிட் பண்றாங்கப்பா. இன்னும் மாத்தலயா?”

“உங்கம்மா குரல் ஒண்ணுலயும் இல்ல இனியா. எல்லாத்துலயும் நான்தான் கத்திட்டு இருக்கேன்.”

அவள் திரையைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். பிறகு டேப்புகளைப் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டின்னின் அடியில் கிடந்த கடைசி டேப்பை எடுத்து நீட்டினாள். அதில் அவர் கையெழுத்து: ‘வீண். மேலே பதியலாம்.’

“இது அம்மா எடுத்ததுதானே? என்னோட ஸ்கூல் கான்சர்ட்டு?”

அவருக்கு நினைவு வந்தது. அன்று அவருக்கு ஷிஃப்ட். கேமரா முதல்தடவையாகப் பூவம்மாவின் கைக்குப் போனது. பையில் வைக்கும்போது பட்டனை அமுக்கி ஓடவிட்டிருக்கிறாள். மேடையில் பிள்ளை ஆடும்போது இன்னொரு தரம் அமுக்கி நிறுத்தியிருக்கிறாள். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால், நடனம் ஒரு நொடி இல்லை, தரையும் செருப்பும்தான் அரை மணி நேரம். ஒரு வாரம் திட்டித் தீர்த்தார். சத்தத்தைக் குறைத்து வைத்துவிட்டுத் திட்டினார். அதன் பிறகு அவள் கேமராவைத் தொடவே இல்லை.

அதன் மேல் எதையும் பதியாமல் விட்டது சோம்பலா, மறதியா, அவருக்கே தெரியாது. டேப்பைப் போட்டார். சத்தத்தைக் கூட்டினார்.

பஸ்ஸின் ரப்பர் தரை. தலைகீழாக ஒரு ஜோடி செருப்பு. பக்கத்தில் சலங்கை கட்டிய சின்னக் கால்கள்.

“கால ஆட்டாத இனியா, முன்னாடி அங்கிள் திரும்பிப் பாக்கறாரு.”

அறை முழுக்க அவள் குரல். காதோடு சொல்வதுபோல் அவ்வளவு கிட்டத்தில். கொஞ்சம் கரகரப்பு. ஆமாம், கரகரப்பு. அதை எப்படி மறந்தார்?

இனியா வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள்.

வாசலில் காலடிச் சத்தம். சவப்பெட்டிக் கம்பெனி மாணிக்கம் மூச்சு வாங்க வந்து நின்றான். “அண்ணே, டைம் ஆச்சுண்ணே. வண்டி ரெடி, லேட்டானா மண்டாய்ல...”

ரத்னவேலின் இடது கை உயர்ந்தது. மாணிக்கம் பாதிப் பேச்சில் நிறுத்தினான்.

“பசிக்குதா? எறங்குனதும் கரிபாப் வாங்கித் தரேன்” என்றாள் பூவம்மா. “அப்பாவுக்கும் ரெண்டு எடுத்துக்குவோம்லா. பாவம், அசந்துபோய் வருவாரு.”

திரையில் செருப்புகள் எழுந்து நடக்கத் தொடங்கின. ரத்னவேலின் கை இறங்கவில்லை.