தொட்டுப் பாருங்கோ

1996 செப்டெம்பரில் எங்கள் தமிழ் ஒன்றியம் ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து ஒரு பஸ் சுற்றுலா ஒழுங்கு செய்தது. காலையில் சந்தை, பிறகு மண்பாண்டப் பட்டறை, பின்னேரம் வைன் தோட்டம். வழிகாட்டி குணசேகரம் அண்ணை. பதினொரு வருடம் ஜெர்மனியில் இருந்து அவர் படித்த ஜெர்மன், கடையில் பாண் வாங்கப் போதும். மிச்சக் குறையைக் கழுத்து ரையும் கையிலிருந்த ஒலிவாங்கியும் மறைத்தன.

சந்தையில் ஆட்டுப்பால் சீஸை எருமைப்பால் சீஸ் என்றார். நான் அப்போது ஆறு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன், எனக்கு ஜெர்மன் தெரியும். ஆனால் சபையில் அவரைத் திருத்தக் கூடாது என்று என் கணவர் கோபாலன் முதலே சொல்லி வைத்திருந்தார்.

பட்டறைக்காரி பலகையில் நின்ற சாடிகளைக் காட்டி, "இன்னும் ஈரம், தயவுசெய்து தொடவேண்டாம்" என்று ஜெர்மனில் சொன்னாள்.

"ஈரமா இருக்காம். தொட்டுப் பாருங்கோ எண்டு சொல்லுறா," என்றார் அண்ணை.

நான் வாய் திறக்க முதல் பத்துக் கைகள் நீண்டன. சந்திரா அக்காவின் பெருவிரல் ஒரு சாடிக்குள் முழுதாக இறங்கியது. பட்டறைக்காரி நசிந்த நான்கு சாடிகளை எடுத்து, எங்கள் கண்முன்னாலேயே அமத்தி மண்ணாக்கினாள்.

"பாருங்கோ, எப்பிடிச் செய்யிறதெண்டு காட்டுறா," என்றார் அண்ணை.

நான் அவளிடம் போய் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டேன். பிறகு திரும்பி, "அண்ணை, அவ தொடவேண்டாம் எண்டுதான் சொன்னவ," என்றேன்.

"பிள்ளை, இது கலைஞர் பாசை. உமக்கு விளங்காது."

வைன் தோட்டத்தில் தோட்டக்காரர் பேசத் தொடங்கியதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மண், திராட்சை, மரப்பீப்பாய் எல்லாவற்றையும் நானே தமிழில் சொன்னேன். அண்ணை ஒரு மூலையில் இருந்துகொண்டு ஐந்து கிளாஸ் குடித்தார்.

திரும்பும்போது ஒலிவாங்கி மறுபடி அவர் கையில். "மொழிபெயர்ப்பில சின்ன உதவி செய்த தங்கச்சி அன்ரனிற்றாவுக்கும் நன்றி," என்றார். வரும் வருடமும் அண்ணையே வழிகாட்ட வேண்டும் என்று யாரோ முன்மொழிந்தார்கள். சாடியை நசித்த சந்திரா அக்கா முதலில் கைதட்டினார். பஸ் முழுதும் தட்டியது.

பக்கத்தில் கோபாலனும் தட்டினார். நான் யன்னல் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.