லொறி நாலு

வவுனியாவில் நடராசாவின் ரீவி கேம் கடைக்கு வந்துபோனவர்களில் முக்கால்வாசிப் பேர் லொறிச் சாரதிகள். வன்னிக்குச் சாமான் கொண்டுபோகிறவர்கள். இரண்டாயிரமாம் ஆண்டில் அந்த வேலையில் ஓட்டம் குறைவு, காத்திருப்புத்தான் அதிகம். பூவரசங்குளம் தாண்டி இராணுவத்தின் சோதனைச் சாவடி இருந்தது. அனுமதிக் கடிதம் கைக்கு வரும்வரை மூன்று நாள், நாலு நாள் வவுனியா ரவுணிலேயே கிடக்கவேண்டும். கடிதத்தோடு போனாலும், ஏற்றிய மூட்டை எல்லாவற்றையும் சாவடியில் இறக்கிக் காட்டித் திரும்ப ஏற்றவேண்டும். ஒரு பகல் அதிலேயே போய்விடும்.

காத்துக்கிடக்கிற நாட்களில் அவர்கள் நடராசாவின் கடையில் வந்திருந்து லொறி ஓட்டினார்கள்.

அந்த விளையாட்டின் உண்மையான பெயர் கடையில் ஒருவருக்கும் தெரியாது. கசற்றின்மேல் யப்பான் எழுத்தில் ஏதோ போட்டிருந்தது. சாரதிகள் லொறி ஒண்டு, லொறி ரெண்டு, லொறி மூண்டு என்றுதான் சொன்னார்கள். பீப்பாக்கள் ஏற்றிய ஒரு சின்ன லொறி ரீவியின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் ஓடும். வழியில் ஏழு பாலம். மூன்றாவது பாலத்தில் மாடு குறுக்கே வரும். ஐந்தாவது நடுவில் உடைந்திருக்கும், பாயவேண்டும். ஏழாவதையும் தாண்டினால் கடற்கரையில் ஒரு ஆள் நின்று கொடி அசைப்பான். லொறி ரெண்டில் இதெல்லாம் மழைக்குள் நடந்தது. லொறி மூண்டில் மாட்டோடு இன்னொரு மாடு வந்தது. மற்றதெல்லாம் அச்சொட்டாக அதேதான். பின்னால் போகிற பாட்டுக்கூட மாறவில்லை.

"இதைச் செய்தவனுக்கு வேறை யோசினையே வராதோ?" என்று நடராசா அடிக்கடி கேட்பார்.

"ஏன் தம்பி வரவேணும்?" என்பார் மரியநாயகம்.

மரியநாயகத்துக்கு ஐம்பது வயதிருக்கும். முல்லைத்தீவுக் கரையிலிருந்து ஐஸ் போட்ட மீன் ஏற்றி ஓடியவர். இப்போது ஒரு முதலாளியின் லொறியில் மாவும் சீனியும் ஏற்றினார். கடையில் அவருக்கென்று ஒரு கதிரை இருந்தது. ஐந்தாம் பாலம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். லொறி பாய்ந்து அந்தப் பக்கம் விழுந்தபிறகு திறப்பார். ஒருநாளும் தவறியதில்லை. அவரோடு கூடத் திரிகிற வீரபாகு, புதிதாக வருகிற சாரதிகளைக் கூப்பிட்டு இதைக் காட்டுவார்.

நடராசா கிளிநொச்சியில் றேடியோ திருத்தியவர். தடையால் வன்னிக்குப் பற்றரி வராத காலத்தில் சைக்கிள் டைனமோவில் றேடியோ பாட வைத்தார். நாலு துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடுகிறமாதிரி தண்ணீர்ப் பம்புகளை மாற்றிக் கொடுத்தார். நடராசா மூளைசாலி என்று சனம் கதைத்தது. அந்தப் புகழ்ச்சியை அவர் மனைவி ஜெகதீஸ்வரி சிரித்துக் கேட்டதில்லை. ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் முன்னால் இருந்த ஏதோ ஒன்று இல்லாமல் போயிருந்ததை அவள் மறக்கவில்லை. தொண்ணூற்றாறில் சண்டையால் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபிறகு அவர்கள் நாலு இடத்தில் கொட்டில் போட்டார்கள். பிறகு வவுனியா முகாம். பிறகு இந்த வாடகை அறை. முன்பக்கம் கடை, பின்பக்கம் படுக்கை, ஒரு சின்னக் குசினி.

அந்த வருடம் ஆவணியில் நடராசா இராணுவத்திடம் மூன்று நாள் பயண பாஸ் எடுத்துக் கொழும்புக்குப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய கையில், துவாயில் சுற்றிய ஒரு சாம்பல் நிற மெசின் இருந்தது. கசற் இல்லை, சீடி போடுகிறது.

"லொறி நாலு!" என்றார் நடராசா. பஸ்ஸில் நின்றுவந்த களைப்பே முகத்தில் இல்லை. "பார்த்தீரெண்டால் நம்பமாட்டீர். உள்ளுக்கை இருந்து ஓட்டுறமாதிரி. ரோட்டு எங்களை நோக்கி வருது."

"பழைய மெசின் எங்கை?" என்று கேட்டாள் ஜெகதீஸ்வரி. அவர் போன அன்றே மேசை வெறுமையாக இருந்ததை அவள் கண்டிருந்தாள். திருத்தக் கொண்டுபோனார் என்று நினைத்திருந்தாள்.

"குருமன்காட்டில ஒருத்தர் கடை திறக்கிறார். அவருக்குக் குடுத்திட்டன், கசற்றுகளோட. அதை வைச்சு என்ன செய்யிறது?"

அவள் குசினிக்குள் போனாள். சோறு போட்டுக் கொடுத்தாள்.

மறுநாள் காலை சாரதிகள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். முதல் ஓட்டம் மரியநாயகத்துக்கு. ரீவியில் சுக்கானும் கண்ணாடியும் தெரிந்தன. கண்ணாடிக்கு அப்பால் உண்மையான மாதிரி ரோட்டு, மரம், வானம். "அடேயப்பா" என்று யாரோ சொன்னார்கள். நடராசா ரீவியைப் பார்க்கவில்லை. அவர்களுடைய முகங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மரியநாயகம் இரண்டு முறை மரத்தில் முட்டினார். ரோட்டு இரண்டாகப் பிரிந்தது. வலப்பக்கம் திருப்பினார். பாலம் ஒன்றையும் காணவில்லை. அதற்குப் பதிலாக ரோட்டுக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையும் அடித்த ஒரு தடி வந்தது. தொப்பி போட்ட ஒருவன் கையைக் காட்டி மறித்தான். இங்கிலீசில் ஏதோ எழுத்து ஓடியது. பிறகு லொறியின் பின்கதவு திறந்தது. பீப்பாக்கள் ஒவ்வொன்றாக இறங்கின.

"என்ன, இஞ்சையுமோ?" என்றார் வீரபாகு.

யாரும் சிரிக்கவில்லை. மரியநாயகம் ரிமோட்டை மெதுவாக மேசையில் வைத்தார்.

"நல்ல சாமான் தம்பி. எனக்குத்தான் கண் நோகுது" என்று எழும்பிப் போனார். பின்னால் ஒவ்வொருவராகப் போனார்கள்.

அந்தக் கிழமை கடை வெறிச்சோடிக் கிடந்தது. நடராசா தனியே இருந்து விளையாடிப் பார்த்தார். சாவடியில் ஒவ்வொரு முறையும் லொறி நின்றது.

"பழகினால் சரிவரும்" என்றார் மனைவியிடம். "அவையளுக்குப் பொறுமையில்லை."

"பொறுமையில்லையோ? நாலு நாள் வரிசையில நிக்கிற ஆக்களுக்கோ?"

"அப்ப என்ன, காலம் முழுக்க அந்த ரெண்டு மாட்டையும் பார்த்துக்கொண்டு இருக்கிறதோ? உலகத்தில எல்லாம் மாறுது, ஜெகதீஸ்."

"மாறுறதைப் பற்றி எனக்குச் சொல்லாதேங்கோ." அவள் குரல் உயரவில்லை. குசினி வாசலில் அகப்பையோடு நின்றாள். "இது எத்தினையாவது வீடு? ஒவ்வொரு இடத்திலயும் கிணறு எங்கை, கடை எங்கை எண்டு முதலிலயிருந்து படிச்சனான். இஞ்சை வந்தும் விடிய எழும்பினால் கொஞ்ச நேரத்துக்கு எங்கை கிடக்கிறன் எண்டு விளங்கிறேல்லை. நீங்கள் கடையைத் திறந்து அந்த லொறிப் பாட்டைப் போடுவியள். அதைக் கேட்டவுடனைதான், ஓ, நேற்று இருந்த இடத்திலதான் இருக்கிறன் எண்டு தெரியும். எனக்கு அது ஒண்டுதான் மாறாமல் இருந்தது. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

அவள் ஒருநாளும் அந்த விளையாட்டைத் தொட்டதில்லை. அவளுக்கு அது பிடிக்காது என்றுதான் நடராசா நினைத்திருந்தார்.

அடுத்தநாள் மத்தியானம் அவள் குருமன்காட்டுக்கு நடந்து போனாள். கடையைத் தேடவேண்டியிருக்கவில்லை. பாட்டு வீதிக்கே கேட்டது. உள்ளே அதே ஆட்கள், அதே லொறி மூண்டு. வாசலில் அவளைக் கண்டதும் மரியநாயகம் ரிமோட்டை வீரபாகுவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். பிடிபட்ட ஆள் மாதிரி நின்றார்.

"கோவிச்சுக்கொண்டு போகேல்லை தங்கச்சி" என்றார். "நடராசா தம்பி எங்களுக்கெண்டு பார்த்து வாங்கினவர். அது தெரியும்."

"பிறகேன் அண்ணை?"

"சாவடியில நாளுக்கொரு சட்டம் போடுறாங்கள். முந்தநாள் வெள்ளைக் கடிதம் போதும் எண்டான். நேற்று மஞ்சள் வேணுமாம். இண்டைக்கு வேறை கந்தோரில சீல் அடிக்கட்டாம். எல்லாத்தையும் திருப்பித் திருப்பிப் புதுசாப் படிச்சுக் களைச்சுப் போனன். இதில எண்டால் என்ன செய்யவேணும் எண்டு கைக்குத் தெரியும். மூளை வேண்டாம். கொஞ்ச நேரம் அப்பிடி இருக்கவேணும் போல கிடக்கு. வேறை ஒண்டுமில்லை."

ஜெகதீஸ்வரி தலையாட்டினாள். மெசினைத் திருப்பிக் கேட்கலாமா என்ற எண்ணத்தோடுதான் வந்திருந்தாள். கேட்காமலே திரும்பினாள். வெயில் கொளுத்தியது. வழியில் ஒரு மரத்தடியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது கடைக்குள் பெண்பிள்ளைகளின் சத்தம் கேட்டது. பக்கத்துத் தையல்கடையில் வேலை செய்கிற விமலேஸ்வரி ரீவிக்கு முன்னால் இருந்தாள். அவளோடு தைக்கிற இரண்டு பேர் பின்னால் நின்றார்கள். சாப்பாட்டு நேரத்தில் வந்திருக்கிறார்கள். ஆம்பிளைகள் நிறைந்து கிடந்தபோது அவர்கள் அந்த வாசல்பக்கம் திரும்பியும் பார்த்ததில்லை.

"அண்ணை, அந்தச் சாவடிக்குப் போகவே தேவையில்லை" என்றாள் விமலேஸ்வரி, கண்ணை எடுக்காமல். "பிரியிற இடத்தில இடப்பக்கம் திருப்பினால் மலையால ஒரு பாதை போகுது. சுத்துத்தான். ஆனால் ஒருத்தரும் மறிக்கமாட்டினம்."

ஒரு கிழமையாக விளையாடிய நடராசாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. அவர் பாலங்களைத் தேடி வலப்பக்கமே போய்க்கொண்டிருந்தார்.

"லொறி மூண்டை விட இது திறம்தானே?" என்று கேட்டார்.

"மூண்டோ? அப்பிடி ஒண்டு இருக்கோ?" என்றாள் அவள்.

அதன்பிறகு மத்தியானங்களில் கடை நிறைந்தது. தையல்கடைப் பெண்கள் வந்தார்கள், அவர்களைக் கண்டு தட்டெழுத்து வகுப்புக்குப் போகிறவர்களும் வந்தார்கள். மலைப்பாதையில் எந்த வளைவில் கல் விழும், எங்கே எண்ணெய் கிடைக்கும் என்று தங்களுக்குள் கதைத்தார்கள். நடராசா சொன்னது சரிதான் என்று ஆகிவிட்டது. ஆனால் அவர் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஒரு பின்னேரம், கடையைக் கூட்டிக்கொண்டு நின்ற மனைவியிடம், "நான் மரியநாயகம் அண்ணையாக்களுக்கெண்டுதான் வாங்கினனான்" என்றார். "அலுத்துக் களைச்சு வாற சனம், ஒரு புதினத்தைக் கண்டால் சந்தோசப்படும் எண்டு நினைச்சன்."

"தெரியும்" என்றாள் அவள். அவர் விளக்குமாற்றை அவளிடமிருந்து வாங்கி மிச்சத்தைக் கூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் சவரம் செய்துகொண்டு வெளியே போகத் தொடங்கினார். எங்கே என்று அவள் கேட்கவில்லை. குருமன்காட்டில் அவர் மரியநாயகத்துக்குப் பக்கத்தில் இருந்து லொறி மூண்டு ஓட்டுகிறார் என்று வீரபாகு ஒருநாள் சொன்னார்.

அடுத்த வருடம் பங்குனியில் அந்தப் பழைய மெசின் செத்துப்போனது. நடராசா போய்க் கழற்றிப் பார்த்தார். உள்ளே ஒரு சிப் கருகியிருந்தது. அந்தச் சிப் இனி எங்கேயும் கிடைக்காது. டைனமோவில் றேடியோ பாடவைத்த மனிதர் இரண்டு நாள் அதோடு மினக்கெட்டார். பிறகு மூடித் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பூட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.

சில நாட்களுக்குப் பிறகு மரியநாயகம் கடைக்கு வந்தார். மத்தியானம். பெண்கள் இருந்தார்கள். விமலேஸ்வரி எழும்பிக் கதிரையை விட்டுக்கொடுத்தாள். அவர் தயங்கி, இருந்து, ரிமோட்டை எடுத்தார். ரோட்டுப் பிரியும் இடம் வந்தது.

"ஐயா, இடப்பக்கம் திருப்புங்கோ. சாவடி வராது" என்றாள் விமலேஸ்வரி.

"வேண்டாம் பிள்ளை" என்றார் மரியநாயகம். "மலையெல்லாம் எனக்குத் தெரியாது. சாவடி எண்டால் பழக்கம்தானே."

வலப்பக்கமே போனார். தடி வந்தது. தொப்பிக்காரன் மறித்தான். பீப்பாக்கள் இறங்கி, ஏறின. தடி உடனேயே எழும்பியது. பெண்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"கெதியா விட்டிட்டான்" என்றார்.

இரண்டாவது சாவடியில் எண்ணெய் முடிந்து லொறி நின்றது. ரிமோட்டை விமலேஸ்வரியிடம் கொடுத்துவிட்டு, மூலையிலிருந்த கதிரைக்கு மாறி இருந்தார். நாளைக்கு விடியமுன்னம் சாவடி வரிசைக்குப் போகவேண்டும் என்று நடராசாவிடம் சொன்னார். ஜெகதீஸ்வரி தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தபோது அவர் வாயைத் திறந்தபடி நித்திரையாகியிருந்தார். அவள் கோப்பையைப் பக்கத்தில் வைத்து ஒரு தட்டால் மூடினாள். விமலேஸ்வரி எட்டி ரீவியின் சத்தத்தைக் குறைத்தாள்.