நாலாவது சிலிண்டர்

நாறும்பூநாதனின் குற்றாலத்து வீட்டு முற்றத்தில் கார் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருந்தது. என்ஜினுக்குள் எங்கோ டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். வெளிக் கேட் பூட்டியிருந்தது.

"சத்தம் நிக்கட்டும்லே இசக்கி. இதே கார்ல ஒன்ன நானே தென்காசி ஸ்டேஷன்ல கொண்டு எறக்குதேன்."

நாறும்பூநாதனுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை மண்டி. சாரல் காலத்தில் இங்கேதான் இருப்பார். கேட் சாவி அவர் மடியில் இருந்தது.

மெக்கானிக் இசக்கியப்பன் என்ஜின்மேல் குனிந்தான். சாயங்கால ரயிலில் அவனும் மனைவி ஆவுடைத்தாயும் மெட்ராஸ் போக வேண்டும். அங்கே ஒரு பஸ் கம்பெனியில் வேலை. நாளை போய் நிற்காவிட்டால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். ஆவுடைத்தாய் இந்நேரம் டிரங்குப் பெட்டியோடு ஸ்டேஷனுக்குப் போயிருப்பாள். போன வாரம் இந்தக் காரின் என்ஜினுக்கு மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டைப் புதிதாக மாட்டியது அவன்தான். சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது.

ஹெட் மாற்றிய என்ஜினில் இப்படிக் கேட்டால் முதல் சந்தேகம் வால்வுகள்மேல். ஒவ்வொரு வால்வையும் ராக்கர் என்ற சின்ன இரும்புக் கை அமுக்கித் திறக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி வேண்டும். கூடிப்போனால் கை வால்வைத் தட்டும். இசக்கியப்பன் மேல்மூடியைக் கழற்றி, என்ஜின் ஓடும்போதே ஒவ்வோர் இடைவெளியிலும் மெல்லிய தகட்டைச் செருகிப் பார்த்தான். தட்டுகிற இடத்தைத் தகடு அடைத்தால் சத்தம் அடங்க வேண்டும். எட்டு வால்வுகளிலும் அடங்கவில்லை. மூடியைத் திரும்ப மாட்டினான்.

"என்னலே, வைத்தியன் மாதிரி நாடி பாக்க? நோயச் சொல்லு."

"வால்வு இல்ல மொதலாளி."

"அப்ப என்ன, உள்ள பல்லி ஒக்காந்திருக்கா?"

அடுத்த சோதனை இன்னும் எளிது. தீப்பொறி தரும் பிளக் ஒன்றின் ஒயரைப் பிடுங்கினால் அந்த சிலிண்டரில் மட்டும் பெட்ரோல் எரியாது, மற்றவை ஓடும். முதல் ஒயர், இரண்டாவது, மூன்றாவது: சத்தம் அப்படியே. நாலாவதைப் பிடுங்கியதும் நின்றுவிட்டது. எரிந்தால்தான் சத்தம் என்றால், இரும்பு தட்டுவதாக இருக்காது. எரிந்த புகை வெளியே போகும் வழியில் ஏதோ சந்தில் துப்புகிறது. ஒயரை மறுபடி மாட்டிவிட்டு, புகைக்குழாய் ஹெட்டோடு சேரும் இடத்தருகே கையை வைத்தான். சூட்டுக் காற்று விட்டு விட்டு விரலில் குத்தியது.

என்ஜினை நிறுத்தி, குழாயை ஹெட்டோடு பிடித்திருந்த நட்டுகளைக் கழற்றினான். அடியில் வாஷருக்குப் பதில் ஓட்டைக் காலணா. யுத்த காலத்தில் வாஷர் கிடைக்காமல் தொடங்கிய பழக்கம். காசு செல்லாமல் போன பிறகும் பட்டறைக்குப் பட்டறை டப்பாவில் கிடந்தது. தண்ணீர் பம்புக்கு அது போதும். இங்கே போதாது. ஓட்டை பெரிது, உலோகம் மிருது. சூடேறச் சூடேற நட்டு அதில் அமிழ்ந்து பிடி தளர்ந்துவிட்டது. போன வாரம் யோசிக்காமல் அவன் கை போட்டது.

"செல்லாத காச எங் கார்லயா செலவழிச்சே?" நாறும்பூநாதன் குலுங்கிச் சிரித்தார்.

ஷெட்டில் கிடந்த பழைய போல்ட்டுகளிலிருந்து தடித்த இரும்பு வாஷர்களை உருவி மாட்டினான். குழாய் ஆறும்வரை காத்திருக்க நேரமில்லை. இரண்டு விரல் பொரிந்தது. ஸ்டார்ட் செய்தான். இலைகளில் சாரல் விழுவது கேட்டது.

நாறும்பூநாதன் கண்ணை மூடிக் கேட்டார். "ஒன் கைய மாதிரி கை மெட்ராசுக்கு என்னத்துக்குலே? அங்கன ஆயிரம் பேரு கெடக்கான்."

இசக்கியப்பன் காரில் ஏறி உட்கார்ந்தான். அவர் கேட்டைத் திறந்து, தானே ஓட்டினார். மேலகரம் வழியாகப் போனால் ரயிலைப் பிடித்துவிடலாம். கார் எதிர்ப்பக்கம், ஐந்தருவி மேட்டுக்குத் திரும்பியது.

"மொதலாளி, ஸ்டேஷன் அங்கன..."

"ஏத்தத்துல ஒரு தடவ பாத்துருவோம். சொமை இழுக்கையில சத்தம் வந்தா, நீ போன பொறவு நான் யாரத் தேடுவேன்?"

சரியான சோதனைதான். வேறொரு நாளென்றால் அவனே சொல்லியிருப்பான்.

"அவ தனியா நிக்கா மொதலாளி. திரும்பிருவோம்."

"திரும்புதேன்லே. ரயில் என்ன ஓடியா போவுது?"

கியரை மாற்றினார். இசக்கியப்பன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். ஒரு டிக் வந்தால் போதும், இந்தக் கை வேண்டாமென்று இறக்கிவிட்டுவிடுவார். கார் சத்தமே இல்லாமல் மேட்டில் ஏறியது.